தாத்தா பெயரில் இருக்கும் வீடு

சிறு வயதில் எங்கள் வீடு வளர்கிறது என்று நம்பியிருந்தேன்.

பொந்தியானிலிருந்து பெக்கான் நானாஸ் போகும் சாலையை விட்டு இறங்கி, பாரிட் ஓரமாகவே கொஞ்ச தூரம் போனால் வரும் பலகை வீடு அது. தாத்தா 1958இல் கட்டியபோது வாசலுக்கு மூன்று படிகள். நான் ஒன்றாம் வகுப்புக்குப் போன காலத்தில் ஐந்து. மேலே எதையும் கூட்டவில்லை. கீழேதான் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பாட்டிக்குக் கால் எட்டாமல் போகும்போதெல்லாம் அப்பா ஒரு கல்லைப் போட்டுச் சிமெண்ட் பூசுவார். அதனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம். "வூடு வளருதுடா, உன்ன மாதிரியே" என்று பாட்டி சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

பாரிட் ராஜாவில் இருக்கும் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படிக்கப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. வீடு வளரவில்லை. நிலம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜொகூரின் மேற்குக் கரையில் பல இடங்களில் இருப்பது மண்ணே அல்ல என்று சொல்லலாம். மலாய்க்காரர்கள் காம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த மரமும் வேரும் இலையும்தான் அது. பாரிட் வெட்டித் தண்ணீரை வடித்தால் சுருங்கும். காற்றுப் பட்டதும் மக்க ஆரம்பிக்கும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் இறங்கும். தாத்தா வீட்டுக்கு அடியில் அடித்திருந்த பாக்காவ் கழிகள் காம்புட்டைத் தாண்டிக் களிமண்ணில் ஊன்றியிருந்தன. வீடு களிமண்ணில் நின்றது, படி காம்புட்டில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியைத்தான் அப்பா பல ஆண்டுகளாகச் சிமெண்ட் பூசி நிரப்பிக்கொண்டிருந்தார்.

பாட்டி 2019இல் இறந்த பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. 2022இல் அதைப் பழுது பார்க்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஆறு மாத வேலை என்று அப்பாவிடம் சொன்னேன். படித்த பிள்ளை சொன்னால் நம்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

பொந்தியான் என்ற பெயரே தங்குமிடம் என்று பொருள்படும் 'பெர்ஹெந்தியான்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாக ஊரில் சொல்வார்கள். கப்பல்காரர்களும் மீனவர்களும் நின்று போகும் இடம். பல்கலைக்கழகத்தில் ஈப்போ நண்பன் ஒருவன் என்னைப் பொந்தில் வாழ்பவன் என்றுதான் கூப்பிடுவான். நின்று போக வந்தவர்கள் எப்படி வீடு கட்டி நிலைத்தார்கள் என்பதுதான் இந்த ஊரின் வரலாறு. அதில் பாதி நிலக் காகிதங்களின் வரலாறு.

19ஆம் நூற்றாண்டில் ஜொகூர் ஆட்சியாளர்கள் ஆற்றுக்கு ஒரு சீனத் தலைவர் என்று அனுமதிப் பத்திரம் கொடுத்தார்கள். சூராட் சுங்கை என்று பெயர். அந்தத் தலைவர்தான் கங்சூ. ஆற்றங்கரையில் காம்பீரும் மிளகும் பயிரிடலாம், கடை வைக்கலாம், தன் ஆட்களை ஆளலாம். இந்த முறை 1917இல்தான் ஒழிந்தது. எங்கள் பக்கம் இன்னும் விசித்திரமான ஒரு பத்திரம் உண்டு. 1878இல் சிங்கப்பூரின் அரபு வணிகரான சையது முகமது அல்சகோஃப், குக்குப் பகுதியில் மகாராஜா அபு பக்காரிடம் ஒரு பெரும் நிலச் சலுகையைப் பெற்றார். கான்ஸ்டான்டினோப்பிள் தோட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார். குக்குப்பில் ஒரு கான்ஸ்டான்டினோப்பிள்! அந்தத் தோட்டத்துக்குத் தனி நாணயத்தாளே அச்சடித்தார்கள். வேலை செய்தவர்களில் நிறையப் பேர் ஜாவாக்காரர்கள். ஹஜ் பயணத்துக்கு அவரிடம் கடன் வாங்கிப் போய்வந்து, கடனைக் கழிக்கத் தோட்டத்தில் உழைத்தவர்கள். கங்காணி முன்பணத்தை நம்பிக் கப்பலேறிய நம் ஆட்களின் கதைதான் இது. பாடும் பாட்டு மட்டும் வேறு. நம் தோட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் பக்கத்துத் தோட்டத்து ஜாவாக்காரனை ஏன் எட்டிப் பார்ப்பதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் பாரிட்டை வெட்டியவர்கள் ஜாவாக்காரர்களும் பூகிஸ்காரர்களும்தான். அவர்கள் வடித்த தண்ணீரால்தான் எங்கள் படி இறங்குகிறது.

தாத்தா சிறுவனாகப் பெற்றோருடன் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவித்தொகையுடன் மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதற்குக் கொஞ்சம் முந்தைய கூட்டம் அவர்களுடையது. லயத்தில் வளர்ந்தார். பிறகு அன்னாசித் தொழிற்சாலைக்குப் போனார். ஜொகூரில் அன்னாசி முதலில் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே ஊடுபயிராக வந்தது; மரம் பால் தரும்வரை கைச்செலவுக்கு ஆகும் என்று போட்டார்கள். காம்புட் அதற்கு ஒத்துப்போனது. போருக்கு முன்பு டின்னில் அடைத்த அன்னாசியில் ஹவாய்க்கு அடுத்த இடத்தில் மலாயா இருந்தது. போரில் எல்லாம் நாசமாகி மறுபடி எழுந்தபோது, 1957இல் அன்னாசித் தொழிலுக்கென்று ஒரு வாரியமும் அமைந்தது. அந்தக் காலத்தில்தான் தாத்தா ஒரு ஜாவாக்கார விவசாயியிடம் துண்டு நிலம் வாங்கினார்.

அது சாதாரண விஷயம் இல்லை. லயம் என்பது வேலையோடு வரும் வீடு. வேலை போனால் வீடும் போகும். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, தொழிலாளிகள் வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். தாத்தா அதற்கு முன்பே தன் சொந்தக் கிராண்ட்டை டின் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். பெருமைதான். ஆனால் 2003இல் அவர் இறந்த பிறகும் அந்தக் கிராண்ட் அவர் பெயரிலேயே இருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. பாட்டி இருக்கிறார், நில வரி கட்டுகிறோம், அப்புறம் என்ன?

நகர அலுவலகத்தில் பழுதுபார்ப்புக்கான படிவம் கேட்டபோது கவுண்டரில் இருந்த அம்மா முதல் கேள்வியாகக் கேட்டார்: "துவான் தானா சியாப்பா?" நில உரிமையாளர் யார்? தாத்தா பெயரைச் சொன்னேன். அவரை அழைத்து வா என்றார். அவர் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது என்றேன். அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. இந்தப் பதிலை அவர் வாரத்துக்கு நாலு முறை கேட்பவர் போல.

அப்புறம்தான் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் என்ற ஒன்றைப் படித்தேன். 1955ஆம் ஆண்டுச் சட்டம். உயில் இல்லாமல் இறந்தவரின் நிலத்தை நீதிமன்றம் போகாமலேயே நில நிர்வாகம் விசாரித்துப் பிரித்துத் தரும். எளியவர்களுக்கான நல்ல ஏற்பாடு. யாருக்கு எவ்வளவு என்பதை 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் சொல்கிறது. வீடு கட்டிய அதே ஆண்டு! மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆனால் மனைவியும் இறந்துவிட்டதால் அவர் பங்கை மறுபடி பிரிக்க வேண்டும். தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். அதில் ஒரு சித்தப்பா இறந்துவிட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகள் அவர் இடத்துக்கு வருவார்கள். ஆக ஆறு கையெழுத்து. அப்பா பொந்தியானில், சின்ன அத்தை கிள்ளானில், இன்னொரு சித்தப்பா சிங்கப்பூரில், தம்பி பிள்ளைகள் இருவர் கோலாலம்பூரில். ஆறாவது, பெரிய அத்தை. அவர் இருப்பது துறையூர் பக்கம், தமிழ்நாட்டில்.

இங்கே ஜொகூரின் வார விடுமுறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2014 தொடங்கி 2024 முடியும்வரை எங்கள் மாநிலத்தில் அரசு விடுமுறை வெள்ளியும் சனியும். என் கம்பெனியோ சிங்கப்பூர் வாடிக்கையாளர்களை வைத்துப் பிழைப்பது. அதற்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. எனவே என் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுக் கவுண்டர்கள் திறந்திருந்தன. நண்பர்கள் படம் பார்க்கப் போகும் நாளில் நான் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 2025 ஜனவரி முதல் தேதி விடுமுறை சனி ஞாயிறுக்கே திரும்பியது. ஊரே கொண்டாடியது. என் வேலை பாதியில் நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் லீவு எடுக்க வேண்டியதாயிற்று.

முதல் விசாரணை ஒரு வாரிசு வராததால் தள்ளிப்போனது. இரண்டாவது, கோப்பை வைத்திருந்த அதிகாரி மாற்றலாகிப் போனதால். நடுவில் ஒருமுறை கோப்பையே காணோம். பிறகு வேறொரு கோப்பின் வயிற்றுக்குள் கிடைத்தது. கல்லூரி நாள்களில் தஞ்சோங் பியாய்க்குச் சுற்றுலா போயிருந்தோம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. எங்கள் வீட்டிலிருந்து காடியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சதுப்புநிலக் காட்டுக்குள் பலகைப் பாதையில் நடந்து முனையைத் தொட்டுவிட்டு வந்தால், தொட்டதற்கு ஒரு சான்றிதழ் தருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தந்தார்கள். இந்த நாட்டில் நான் இவ்வளவு வேகமாகப் பெற்ற பத்திரம் வேறில்லை. அதையும் தாத்தாவின் டின் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

காத்திருந்த காலத்தில் குடும்பத்தோடு போன இடமெல்லாம் நான் பழைய வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். என்னோடு வருவதே தண்டனை என்று தங்கை சொன்னாள். குக்குப்புக்கு இறால் சாப்பிடப் போனால், நான் சாப்பாட்டுக் கடைக்கு அடியில் குனிந்து கால்களைப் பார்ப்பேன். கடலுக்குள் கழி ஊன்றிக் கட்டிய சீன மீனவக் கிராமம் அது. கழி எப்போதும் தண்ணீருக்குள் இருந்தால் கெடாது. எப்போதும் காய்ந்திருந்தாலும் கெடாது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வரும் அந்த ஒன்றரை அடியில்தான் அழுகும். குக்குப்பில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. எங்கள் வீட்டில் அதே வேலையைப் பாரிட் மெதுவாகச் செய்திருக்கிறது.

2022 டிசம்பர் பள்ளி விடுமுறையில் வேன் பிடித்துப் பினாங்கு போனோம். தண்ணீர்மலை, கெக் லோக் சி, கொடிமலை ரயில் என்று வழக்கமான பட்டியல். ஆயர் ஈத்தாம் சாலையில் போகும்போது, ஒரு மணி நேரம் எனக்குத் தாருங்கள் என்று கெஞ்சிச் சஃபோக் மாளிகையில் இறங்கினேன்.

பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்ட பிரான்சிஸ் லைட், தான் பிறந்த சஃபோக் வட்டாரத்தின் பெயரை வைத்த நிலம் அது. மிளகு பயிரிட்டார். 1794இல் இறக்கும்போது, திருமணப் பதிவில்லாமல் தன்னோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்ற மார்ட்டினா ரோசெல்ஸுக்கு அதை எழுதி வைத்தார். ஆனால் நிலம் அந்தப் பெண் கையில் நிலைக்கவில்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள், பதிவில்லாத உறவு, கம்பெனி என்று எல்லாம் சேர்ந்த வில்லங்கம். பிறகு அது டபிள்யூ. இ. பிலிப்ஸ் என்ற கம்பெனி அதிகாரியிடம் போனது. இன்று நிற்கும் மாளிகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் காலத்தில் எழுந்தது. லைட்டின் மகன் வில்லியம் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரைத் திட்டமிட்டுக் கொடுத்தவர். ஒரு முழு நகரத்தை வரைந்தவருக்குப் பினாங்கில் அப்பாவின் நிலம் மிஞ்சவில்லை.

மாளிகையைப் பார்த்ததும் எனக்குச் சென்னையின் பழைய படங்கள்தான் ஞாபகம் வந்தன. மதராஸில் வெள்ளைக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளின் சாயல். உயர்ந்த தூண்கள், சுற்றிலும் வராந்தா, காற்றை இழுக்கும் பெரிய கதவுகள். இங்கிலாந்திலிருந்து நேராக வந்த வடிவம் இல்லை இது. இந்தியா வழியாக, வெயிலில் பழகி வந்தது. சுவருக்குப் பூசிய சுண்ணாம்புக் காரைக்கும் இந்த வட்டாரத்தில் ஒரு மதராஸ் தொடர்பு உண்டு. சிங்கப்பூரில் 1860களின் தொடக்கத்தில் முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியக் கைதிகள் கட்டினார்கள். அதன் உட்சுவருக்கு மதராஸ் சூனம் என்ற பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, காய்ந்ததும் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஆங்கிலத்துக்குப் போன அந்தச் 'சூனம்' நம் சுண்ணம்தான். பினாங்கிலும் 1790 முதலே கைதிகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுச் சாலையும் கட்டடமும் போட்டார்கள். நாம் இங்கே மரம் வெட்ட மட்டும் வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, சுவர் பூசும் தொழில்நுட்பமும் கப்பலில் வந்திருக்கிறது என்பது புதிது.

ஆனால் அங்கே என்னை நிறுத்தியது வேறு ஒன்று. 1920களின் இறுதியில் மெத்தடிஸ்ட் திருச்சபை அந்த மாளிகையைப் பள்ளிக்காக வாங்கியது. 1975இல் ஆபத்தான கட்டடம் என்று மூடினார்கள். மரமும் செடியும் உள்ளே வளர்ந்தன. பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை போன்ற அமைப்புகள் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தன. நிலம் ஒருவரிடம், அக்கறை இன்னொருவரிடம், பணம் எவரிடமும் இல்லை. கடைசியில் 2000இல் மாநில அரசு வேறு நிலம் கொடுத்து அதை மாற்றிக்கொண்டது. 2007இல் சீரமைப்பு முடிந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. மூடியதற்கும் நிலம் கைமாறியதற்கும் நடுவில் இருபத்தைந்து வருடம். கைமாறியதற்கும் வேலை முடிந்ததற்கும் நடுவில் ஏழு வருடம். வராந்தாவில் நின்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது என் ஆறு மாதத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குள் சின்ன அத்தை வேனிலிருந்து போன்: "டேய், வெள்ளைக்காரன் வூட்டப் பாத்தது போதும்லா. புள்ளைங்களுக்குப் பசிக்குது."

காகிதம் தப்பிப்போன இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி 2013இல் தரைமட்டமானது. ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது என்று சொல்லப்பட்ட கோயில் அடித்தளம். நிலம் தனியாருடையது, இடம் பாதுகாக்கப்பட்டதாக அரசிதழில் வரவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் அமலில் இருந்தும் கைக்கு எட்டவில்லை. அன்று நாம் எல்லோரும் கோபப்பட்டோம், நியாயம்தான். ஆனால் கடாரத்துக்குக் கோபப்படும் நமக்கு ஒரு லயத்து வீடுகூட நினைவில் நிற்பதில்லை. கோயில் இருந்தால் தோட்டம் இருந்தது என்று தெரியும். மற்றபடி அந்த ஆட்கள் எந்த அளவு அறையில் படுத்தார்கள், சமையல் புகை எந்தப் பக்கம் போனது, எத்தனை பேருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், இதையெல்லாம் அளந்து வைத்தவர் எத்தனை பேர்? எங்கள் பலகை வீட்டை யாரும் மரபுச் சின்னமாக அறிவிக்கப் போவதில்லை. நானும் கேட்கவில்லை. அளந்து ஒரு வரைபடம் மட்டும் போட்டு வைத்தேன்.

2024 ஜூனில் அப்பாவும் நானும் தமிழ்நாடு போனோம். ஸ்ரீரங்கம், சமயபுரம், தஞ்சாவூர் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் போனது ஒரு கையெழுத்துக்கு.

பெரிய அத்தைக்கு அப்போது எழுபத்து நாலு வயது. பொந்தியானில் பிறந்தவர். 1964 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியப் படையினர் பொந்தியான் கரையில் இறங்கியதைப் பற்றி நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். அவர் கேட்டாலே சொல்வார். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து பிள்ளைகளையும் பாட்டி கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்ததையும், மறுநாள் அரிசி மூட்டையைக் கூரைக்கு மேல் ஏற்றியதையும். திருமணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில் மாமாவுக்கு வேலை போனது. அவருடையது சிவப்பு ஐ.சி. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுக்க வேண்டும். 1969 கலவரத்துக்குப் பிறகு அது கறாராக அமலானது. ஏறக்குறைய அறுபதாயிரம் இந்தியர்கள் அப்படித் தோட்டங்களைவிட்டு ஊர் திரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. 'ஊர்' என்பது அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் பார்த்த இடம்? அத்தை பார்த்ததே இல்லை. 1970இல் சிங்கப்பூரில் ரஜூலா கப்பல் ஏறினார். 1926 முதல் நம்மவர்களை இங்கே கொண்டுவந்து கொட்டிய கப்பல் அது. கடைசிக் காலத்தில் திரும்ப அள்ளிக்கொண்டும் போனது.

ஒப்புதல் பாரத்தை அப்பா நீட்டியதும் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். மலாயில். ஐம்பத்து நாலு வருடம் கழித்து, தடங்கல் இல்லாமல். என் பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறேன் என்ற வரி வந்ததும் நிறுத்தினார்.

"நான் வேணாம்னு எப்ப சொன்னேன் தம்பி?"

"அக்கா, அது சும்மா பாரம்தான். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கும்" என்றார் அப்பா.

"அன்னிக்கும் பாரம்தான்னு சொன்னாங்க. போகச் சொல்லி ஒரு காயிதம் குடுத்தாங்க, போனோம். இப்ப வேணாம்னு எழுதிக் குடுன்னு ஒரு காயிதம். ரெண்டும் ஒரே பாஷைதான்."

அன்று கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாளும் இல்லை. நாங்கள் தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆயிரம் வருடக் கட்டடம். அடித்தளம் எப்படிப் போட்டார்கள் என்று நான் யோசிக்கும் நிலையில் இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவிடம் பேரம் பேச வந்துவிட்டோமோ என்ற வெட்கம் அவருக்கு. எனக்கும்தான். ஆறாவது கையெழுத்து என்று எக்செல் தாளில் ஒரு கட்டமாக அத்தையைப் போட்டு வைத்திருந்தவன் நான்.

மூன்றாம் நாள் காலை காப்பி கொடுத்துக்கொண்டே அத்தை ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். "இந்த வூட்டுல எங்க அக்காவுக்கு ஒரு ரூம் உண்டுன்னு தமிழ்ல எழுது. தேதி போடு. கையெழுத்துப் போடு. உன் மவனும் போடட்டும்." அந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அப்பா எழுதினார். கை நடுங்கியது. அத்தை அதை வாங்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். உள்ளே மாமாவின் பழைய சிவப்பு ஐ.சி. இருந்தது.

திருச்சியிலிருந்து இரவு ரயிலில் மூவரும் சென்னை வந்து தூதரகக் கவுண்டரில் உட்கார்ந்தோம். அத்தை அதிகாரியிடம் மலாயில் பேசினார். பொந்தியானா, எந்தப் பக்கம் என்று அவர் கேட்க, பாரிட் பெயரைச் சொன்னார். என் காதுக்கு அது இன்றைய மலாய் மாதிரி இல்லை. தாத்தா காலத்து ஜாவாக்காரப் பக்கத்து வீட்டு மலாய். கையெழுத்து ஒரு நிமிடத்தில் முடிந்தது.

2025 நடுவில் ஆணை வந்து கிராண்ட் அப்பா பெயருக்கு மாறியது. அதோடு முடிந்தது என்று நினைத்தால், அடுத்தது நகர அலுவலகம். வரைபடத்தைப் பதிவுபெற்ற ஒருவர்தான் சமர்ப்பிக்க வேண்டும். நான் இன்னும் பட்டதாரிப் பொறியாளர்தான், தொழில்முறைப் பதிவு இல்லை. என் தாத்தா வீட்டுக்கு நான் போட்ட வரைபடத்தில் என் கையெழுத்து செல்லாது. விதி சரிதான். வலிக்கத்தான் செய்கிறது.

வரைபடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை விழாமல் இருக்க, சமையல்கட்டுக்கு மட்டும் முட்டுக் கொடுத்திருக்கிறோம். பலகை வீடுகளைத் தூக்குவதையே தொழிலாகச் செய்யும் ஒரு சீனப் பெரியவர் நான்கு ஜாக்கிகளோடு வந்தார். உத்தரத்துக்கு அடியில் வைத்து, ஒன்றைக் கால் சுற்று, மற்றதைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினார். வீடு முனகியது. இரண்டு அங்குலம் எழுந்ததும் அடியில் தோண்டிப் பார்த்தோம். பாக்காவ் கழிகளின் தலைப்பகுதி ஒன்றரை அடிக்குக் கேக் மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் மட்டம் வரை தோண்டி அறுத்தபோது உள்ளே சிவப்பாக, ஈரமாக, நேற்று வெட்டியது போல இருந்தது. பெரியவர் வெட்டுமுகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனி மாசே போலே" என்றார். இது இன்னும் தாங்கும். மேலே கான்கிரீட் தொப்பி போட்டுத் தூணை உட்கார வைத்தோம்.

சாயங்காலம் அத்தைக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். ஜன்னலைப் பற்றியோ கூரையைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். குரல் செய்தி வந்தது.

"படி எத்தன இருக்கு இப்ப?"

வெளியே போய் எண்ணினேன். ஆறு. கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவில் மறுபடி ஒரு சாண் இடைவெளி விழுந்திருந்தது. அவர் போகும்போது மூன்று.